முதலாவதாகக் கூப்பிட்ட பெயர்

மிச்சம், இலண்டன்
17.04.1994

அன்புள்ள தங்கச்சி தவநாயகிக்கு,

நான் ஒரு கூடைப்பந்து அணியை வாங்கிவிட்டேன். யாராவது உனக்கு ரெலிபோன் எடுத்து, அண்ணைக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொல்ல முன்னர், என் கையால் எழுதியது உன்னிடம் வந்து சேரவேண்டும். அதுதான் சுகம் விசாரிக்கவும் முந்தி இதை எழுதினேன்.

இனிச் சுகம். நானும் பாமாவும் நல்லாயிருக்கிறோம். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், பாமா என்னைக் கேளாமலே குறைத்துவிட்டாள். நீ, மச்சான் யோகலிங்கம், மருமகன் குகன் மூன்று பேரும் ஸ்காபரோவின் பனியைத் தாண்டி வந்திருப்பீர்கள்.

நடந்தது இதுதான். எங்கள் மொத்தக் கடைக்குப் பின்னால் கவுன்சிலின் விளையாட்டு மண்டபம் இருக்கிறது. அங்கே ‘வாண்டில் ஹெரன்ஸ்’ என்று சம்பளத்துக்கு ஆடுகிற அணி ஒன்று. ஹெரன் என்றால் நாரை. ஆட்களும் அப்படித்தான், காலும் கழுத்துமாக. இரண்டு வருஷமாக அவர்கள் சட்டையில் எங்கள் அரிசியின் பெயர்தான் இருக்கிறது. அணியின் சொந்தக்காரன் ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரன். அவன் ஸ்பெயினுக்குப் போய் வெயில் காயப்போகிறானாம். அணியை வாங்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத பொருளைக் கண்டால் என் கை சும்மா இராது. அது உனக்குத் தெரியும்.

எட்டு அணிகளில் ஆறாவதாக வந்த அணி. பயிற்சியாளர் நம்முடைய ஆள், றெஜினோல்ட் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர். கோடைக்குள் அணியைப் பிரித்துத் திரும்பக் கட்டவேண்டும் என்கிறார். மற்ற அணிகளோடு ஆட்களை மாற்றிக்கொள்ளலாமாம். மூட்டைக்கு மூட்டை மாற்றுவது போல என்று நினைத்துக்கொண்டேன், அதுவரை விளங்கியது. விளங்காதது இனித்தான். எங்கள் லீக்கின் புதுத் தலைவர் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வந்து, இந்த வருஷம் ‘டிராஃப்ட்’ என்று ஒன்றை வைக்கிறார். புதுப் பொடியன்களை அணிகள் வரிசைப்படி தெரிவு செய்யவேண்டும். கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு.

“தம்பி றெஜினோல்ட், தோத்தவனுக்கு ஏன் முதல் மரியாதை? யாவாரம் படுத்த கடைக்காரனுக்கு முதல் மூட்டையைக் குடுக்கிற மொத்த வியாபாரியை நீர் எங்கையாவது கண்டனீரோ?” என்று கேட்டேன்.

“அண்ணை, இது யாவாரமில்லை, பாஸ்கற்போல்” என்கிறார். அதற்கு மேல் விளக்கமில்லை.

குகன் பந்து பந்து என்று திரிகிறவன் என்று எழுதியிருந்தாய். அவனிடம் கேட்டு எனக்குப் புரியும்படி எழுது.

இங்ஙனம், உப்பில்லாச் சோறு தின்னும் அண்ணன்,
சபாரத்தினம்

*

ஸ்காபரோ, ரொறொன்ரோ
09.05.1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்தேன், பிறகு இவரிடம் வாசித்துக் காட்டினேன், இவரும் சிரித்தார். இவருக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட், சேர்ந்து சிரித்துக் கன நாள். நாங்கள் சுகம். மச்சாளுக்குச் சொல்லுங்கோ, உப்பைக் குறைத்தது நல்லது, புளியையும் கவனிக்கச் சொல்லி.

குகனிடம் கேட்டேன். தோற்ற அணிக்கு நல்ல ஆளைக் கொடுக்காவிட்டால், வென்றவனே எப்போதும் வெல்வான், பிறகு பார்க்கச் சனம் வராது என்கிறான். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இங்கே ரொறொன்ரோவிலும் பெரிய அணி ஒன்று வரப்போகிறதாம், அடுத்த வருஷம். பொடியன்கள் எல்லோருக்கும் அதே கதைதான். முதலாவதாகக் கூப்பிடுகிற பெயர்தான் பெயர் என்கிறான். மற்றதெல்லாம் மிச்சப் பெயராம்.

அண்ணை, ஒன்று யோசித்தேன். குகன் பள்ளிக்கூட அணிக்குக் கப் எடுத்துக் கொடுத்தவன். பள்ளிக்கூடம் இப்போது முடிகிறது. நீங்கள்தான் ஆள் தேடுகிறீர்களே. சொந்த மருமகன் இருக்க ஏன் பிறத்தியானைத் தேடவேண்டும்? இவருக்கும் சம்மதம். எழுதுவதைக் கடிதத்திலேயே எழுதுங்கோ. எங்கள் ரெலிபோன் ஹோலில் இருக்கிறது, கதைத்தால் முழு வீட்டுக்கும் கேட்கும்.

கூப்பிடுவதானால் எத்தனையாவதாகக் கூப்பிடுவீர்கள் என்று எழுதுங்கோ.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே,
தவம்

*

மிச்சம்
28.05.1994

அன்புள்ள தவம்,

கடிதம் கண்டு சந்தோஷம். பாமா அன்றைக்கே மேல் அறையைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றேன். அவள் காதில் விழவில்லை. வேறு சுகக்கேடு ஒன்றுமில்லை.

முதலாவது மாற்றைச் செய்துவிட்டேன். எங்களிடமிருந்த இரண்டு குட்டையான ஆட்களைக் கொடுத்து, குறோய்டன் அணியிடமிருந்து ஒரு நெட்டையான நைஜீரியாக்காரனை வாங்கினேன். நல்ல வியாபாரம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொடுத்த இருவரில் ஒருவன் கடைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, “வை மீ, அங்கிள்?” என்று கேட்டான். இருபது வருஷமாக வாங்கி விற்கிறேன், ஒரு மூட்டையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எங்களிடம் இருக்கிற ஆட்களில் மார்வின் ஒருவன்தான் தங்கம். பக்கத்து டூட்டிங் பொடியன், கறுப்பன், பந்தை ஆளுக்கு ஆள் பங்கிட்டுக் கொடுக்கிறவன். பாமாவின் மீன் ரோலுக்காகவே கடைக்கு வருவான். அவனை வைத்துத்தான் மற்றவர்களைக் கட்டவேண்டும் என்கிறார் றெஜினோல்ட்.

குகன் விஷயத்தை அவரிடம் சொன்னேன். மூன்று விபரம் கேட்டார். உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு, கடைசியாக எப்போது ஆடினவன். எழுது. எங்களுக்கு மூன்றாவது தெரிவு இருக்கிறது. அதில் கூப்பிடலாம்.

பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணன்

*

ஸ்காபரோ
14.06.1994

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். உங்கள் நலத்தை வாசித்து அறிந்தோம்.

குகன் ஆறடி மூன்றங்குலம். நிறை நூற்றெழுபது இறாத்தல் இருக்கும். சப்பாத்து பதின்மூன்றாம் அளவு, அங்கே கிடைக்குமோ தெரியாது. மாட்டிறைச்சி தின்னமாட்டான், பாகற்காய் தின்னுவான், எனக்கே ஆச்சரியம். இதோடு ஒரு படமும், அவன் ஆடுகிற வீடியோக் கசற் ஒன்றும் அனுப்புகிறேன். அதைப் பார்த்தால் உங்கள் றெஜினோல்ட் பிறகு ஒன்றும் கேட்கமாட்டார்.

மூன்றாவதாக என்று எழுதியிருந்தீர்கள். அண்ணை, நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. என் கலியாணத்துக்குக்கூடக் கேட்கவில்லை, நீங்களாகத்தான் செய்தீர்கள். இப்போது கேட்கிறேன். தாய்மாமன் எத்தனையாவதாகக் கூப்பிட்டார் என்று இங்கே கேட்கிற சனம் இருக்கிறது. வீட்டுக்குள்ளும் இருக்கிறது.

மச்சாளுக்கு என் அன்பு. மேல் அறைக்குத் திரைச்சீலை கட்டாயம் வேண்டும், அவன் வெளிச்சத்தில் நித்திரை கொள்ளமாட்டான்.

எப்போதும் உங்கள்,
தவம்

*

மிச்சம்
02.07.1994

அன்புள்ள தவம்,

இங்கே எல்லோரும் சுகம், உன் கசற்றைத் தவிர. கடைப் பொடியன்களையும் றெஜினோல்ட்டையும் கூப்பிட்டு, பாமா வடை சுட்டு, எல்லோரும் ரிவிக்கு முன்னால் இருந்தோம். கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு ஓடுகிறது, வேறொன்றுமில்லை. கனடாக் கசற் இங்கத்தை மெசினில் ஓடாதாம். டூட்டிங்கில் ஒருவன் மாற்றித் தருவான், ஆனால் ஓகஸ்ட் ஆகும் என்கிறான். டிராஃப்ட் பதினேழாம் திகதி.

“கோட்டுக்குப் பின்னால ஆறடிப் பொடியன் ஒருத்தன் ஓடுறான் எண்டு நம்புவம் அண்ணை” என்றார் றெஜினோல்ட், வடையைக் கடித்துக்கொண்டு. பிறகு, “மூண்டு கேள்வி கேட்டனான், ரெண்டுக்குத்தான் மறுமொழி வந்திருக்கு. கடைசியா எப்ப ஆடினவன்?” என்றார்.

நானும் உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். சப்பாத்து இருக்கிறது, பாகற்காய் இருக்கிறது. அது இல்லை. மறந்திருப்பாய். உடனே ஒரு வரி எழுதிப் போடு.

பருப்பு வந்தாலும் சாக்கைக் குத்திப் பார்க்காமல் இறக்கமாட்டேன், நீ அறிவாய். ஆனால் உன் விஷயத்தில் ஊசியைக் கையில் எடுக்க வெட்கமாக இருக்கிறது.

முதலாவதாக என்கிறாய். முதல் தெரிவு சட்டன் அணியிடம் இருக்கிறது. சொந்தக்காரன் பென்ரோஸ், கம்பளம் விற்கிறவன், ஆள் கெட்டி. கேட்டுப் பார்க்கிறேன்.

பாமா நீளக் கட்டில் ஒன்றுக்குச் சொல்லிவிட்டாள். ஆறடி ஆறங்குலம். கால் நீட்ட இடம் வேண்டுமாம்.

உன் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

*

மிச்சம்
19.07.1994

அன்புள்ள தவம்,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபாலில் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்கள் சுகம். பாமாவுக்கு என்னோடு கோபம், காரணம் கீழே.

முதல் தெரிவை வாங்கிவிட்டேன். மார்வினைக் கொடுத்து.

பென்ரோஸ் வேறொன்றுக்கும் மசியவில்லை. நைஜீரியாக்காரனைத் தருகிறேன் என்றேன், இரண்டு வருஷத்துக்கு மண்டபத்தில் விளம்பரப் பலகை தருகிறேன் என்றேன். “மார்வின்” என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டிராஃப்ட் குறோய்டன் ஹொட்டேல் ஒன்றின் மண்டபத்தில் நடந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெள்ளரிக்காய் சான்ட்விச், தேத்தண்ணி, எட்டு மேசை. தலைவர் மைக்கைப் பிடித்து, “முதலாவது தெரிவு, வாண்டில் ஹெரன்ஸ்” என்றார். நான் எழும்பிப் போய், கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, “குகதாசன் யோகலிங்கம், ரொறொன்ரோ” என்று வாசித்தேன். எல்லா மேசையிலும் கடதாசி புரட்டுகிற சத்தம். இந்தப் பெயர் யார், எங்கிருந்து வந்தது என்று தேடுகிறார்கள். பென்ரோஸ் மட்டும் தேடவில்லை. சான்ட்விச் எடுத்தான்.

நான் வந்து இருந்ததும் றெஜினோல்ட் மெல்லக் கேட்டார்: “அண்ணை, இந்த மண்டபத்தில உங்களையும் என்னையும் விட்டா அவனை ஒருத்தருக்கும் தெரியாது. கடைசிச் சுற்றில கேட்டிருந்தாலும் கிடைச்சிருப்பான். அது தெரியுமெல்லோ?”

“தெரியும் தம்பி.”

“அப்ப ஏன்?”

“தங்கச்சியின்ர மகனை நாலு பேருக்குப் பின்னால கூப்பிடுறதோ?”

“எங்கட ஆக்களுக்கும் தாய்மாமன்மார் இருக்கினம் அண்ணை. ஆனா மார்வினைக் குடுக்கமாட்டினம்.”

கலியாண வீட்டில் என்னை இரண்டாவதாக அழைத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். அந்தக் கணக்குத்தான் போட்டேன். வாங்கும்போது சரியாக இருந்தது, வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருந்து யோசித்தபோது சரியாகத் தெரியவில்லை. இப்போது எழுதும்போது இரண்டுமாகத் தெரிகிறது.

மார்வின் நேற்று வந்தான். கை குலுக்கினான். பாமா அவனுக்கு ஒரு பெட்டி நிறைய ரோல் கட்டிக் கொடுத்துவிட்டு, என்னோடு கதைக்காமல் மேலே போய்விட்டாள்.

குகனிடம் சொல். மாமன் முதலாவதாகக் கூப்பிட்டுவிட்டான்.

வீட்டில் பேச்சில்லாமல் இருக்கும்,
அண்ணன்

*

ஸ்காபரோ
03.08.1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் கடவுள் குறை வைக்கமாட்டார். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தைக் குகன் கேட்டான். பெயர் வாசித்த இடத்தை மட்டும் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தான். பிறகு தன் அறைக்குள் போய்ப் பெட்டியை இறக்கினான். நான் குசினிக்குள் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாவும் சரி. இருபத்தெட்டாம் திகதி ஹீத்ரோவுக்கு வருகிறான். இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். பேச்சுக் குறைந்த பிள்ளை. வந்த உடனே ஓடச் சொல்லாதேங்கோ. களைப்பு ஆறட்டும்.

மார்வின் என்ற பிள்ளையை நினைக்க எனக்குக் கவலைதான். அந்தப் பிள்ளையின் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல ஏலுமென்றால் சொல்லுங்கோ.

என்றும் கடமைப்பட்ட,
தவம்

*

மிச்சம்
11.09.1994

தவத்துக்கு,

நானும் பாமாவும் சுகம். உன் மகன் பத்திரமாக வந்து சேர்ந்தான். சாப்பிடுகிறான். நீளக் கட்டிலில் கால் நீட்டிப் படுக்கிறான். இனி மற்றதை எழுதுகிறேன்.

எயாப்போட்டில் எஸ்கலேற்றர் இருக்க லிப்ட் எங்கே என்று கேட்டான். பெட்டி பாரமாக்கும் என்று நினைத்தேன். வீட்டில் மேல் அறைக்கு ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினான். களைப்பாக்கும் என்று நினைத்தேன். பாமா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நீ சொன்னபடி பத்து நாள் விட்டுத்தான் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடச் சொன்னார் றெஜினோல்ட். அரைவாசி வந்தவன் நின்றுவிட்டான். குனிந்து வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்டபத்தில் பந்து தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. காற்சட்டையை உயர்த்தினால் முழங்காற் சில்லுக்கு மேலே சாண் நீளத்துக்குத் தையல்.

றெஜினோல்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். குகனும் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வெட்கத்தை விட ஆச்சரியம்தான் கூட.

“மாமா, அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ? உங்களுக்குத் தெரியும் எண்டுதானே சொன்னவ. தெரிஞ்சுதான் முதலாவதாக் கூப்பிட்டனீங்கள் எண்டு.”

தவம், நான் வியாபாரத்திலும் பொய் சொல்லாத ஆள். பழைய அரிசியைப் புதிது என்று விற்றதில்லை. ஆனால் அந்த இடத்தில் என் வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

“சொன்னவ. எல்லாம் சொன்னவ” என்றேன்.

“அப்ப அண்ணை, முழங்கால் உடைஞ்சது தெரிஞ்சுகொண்டே மார்வினைக் குடுத்தனீங்களோ?” என்று கேட்டார் றெஜினோல்ட். ஆட்டக்காரர் எல்லோருக்கும் முன்னால்.

“ஓம்” என்றேன்.

அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் வந்தார், ஆனால் அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் கதைக்கிறார். பென்ரோஸுக்கும் கதை போய்விட்டது. எட்டு அணிக்கும் நான்தான் இந்த வருஷத்துப் பகிடி.

டூட்டிங்காரன் கசற்றை மாற்றித் தந்தான். நேற்றுத் தனியே இருந்து பார்த்தேன். எப்படி எழும்புகிறான் பிள்ளை. மூலையில் திகதி இருக்கிறது, 1992.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே பிடிபடவில்லை. நீ ஏன் செய்தாய் என்பதும் பிடிபடவில்லை. வேறு யாராவது எனக்கு இப்படி ஒரு பொருளை அனுப்பியிருந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். நீ என் தங்கச்சி. அதனால் கேட்கிறேன். ஏன்?

சபாரத்தினம்

*

மிச்சம்
30.10.1994

தவத்துக்கு,

பாமாவுக்குத் தடிமல், மற்றபடி சுகம். ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தேன். நீ ஷிப்ட்டில் என்றார் யோகலிங்கம். பிறகு, “அண்ணை, அவள் எழுதுவாள். கொஞ்சம் பொறுங்கோ” என்றார். அவர் குரல் சரியில்லை.

அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. சட்டன் வென்றுகொண்டே இருக்கிறது, மார்வின் ஆடுகிறான். குகன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருக்கிறான். போன கிழமை நைஜீரியாக்காரன் பந்தோடு சேர்ந்து மேசை மேல் விழுந்தபோது சிரித்தான். வந்த நாள் தொட்டு முதல் சிரிப்பு.

கனடாவிலிருந்து யாரோ ஒரு பொடியன் போன் எடுத்துக் குகன் இருக்கிறானா என்று கேட்டான். கூப்பிட்டேன். குகன் மேலே படியில் நின்று கையால் இல்லை என்று காட்டினான். பிறகு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான்.

இது முழங்கால் கதை மட்டுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். எழுது.

அண்ணன்

*

ஸ்காபரோ
12.11.1994

அன்புள்ள அண்ணைக்கு,

மச்சாளின் தடிமல் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கோ. நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிக்க முன்னர் ஒட்டிவிடப் போகிறேன்.

போன வருஷக் கடைசியில் இங்கே டோனற் கடைக்கு வெளியே பொடியன்களுக்குள் சண்டை. எங்கள் பொடியன்கள்தான், இரண்டு பக்கமும். குகன் ஒரு பக்கமும் இல்லை, கோப்பி வாங்கப் போனவன். ஆனால் அவனோடு கூடப் போன சிநேகிதன் ஒரு பக்கம். இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தலையில், இவனுக்கு முழங்காலில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாளும் பந்தைத் தொடவில்லை. பந்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பங்குனியில் கூட்டும்போது பந்தை இழுத்தேன். பின்னால் ஒரு கத்தி வந்தது. மீன் வெட்டுகிற கத்தி இல்லை அண்ணை.

என் பிள்ளையை அடிப்பார்கள் என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். அன்றைக்குத்தான் மற்றப் பயம் வந்தது.

மாமா வீட்டுக்குப் போ என்றேன். “நொண்டியை வைச்சுப் பார்க்க மாமாவுக்கு என்ன விதி” என்றான். அடுத்த மாதம் உங்கள் கடிதம் வந்தது, அணி வாங்கிவிட்டேன் என்று. டிராஃப்ட்டை விளக்கும்போதுதான் அவன் வாய் திறந்து ஒழுங்காகக் கதைத்தான். முதலாவதாகக் கூப்பிடுகிற பெயர்தான் பெயர் என்று அப்போதுதான் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவனிடம் சொன்னேன், மாமாவுக்கு முழங்கால் விஷயம் முழுக்க எழுதிவிட்டேன், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. உங்களிடம் ஒன்றும் எழுதவில்லை. கலியாணத் தரகர் இரண்டு வீட்டுக்கும் இரண்டு கதை சொல்வது மாதிரித்தான். எனக்கே அருவருப்பாக இருந்தது. கசற் உங்கள் மெசினில் ஓடாது என்று மட்டும் உண்மையில் எனக்குத் தெரியாது. அது கடவுள் செய்தது.

உங்களுக்கு எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அன்றைக்கே ரிக்கற் போட்டிருப்பீர்கள். மார்வினை வைத்துக்கொண்டு, குகனைக் கடைசியாகக் கூப்பிட்டிருப்பீர்கள், அல்லது கூப்பிடாமலே வா என்றிருப்பீர்கள். அது உங்கள் நல்ல மனம். அதற்கு அவன் வந்திருக்கமாட்டான். உடைந்த காலோடு தன்னை முதலாவதாக வேண்டும் என்று ஒருவர் சொன்னதால்தான் பெட்டியை இறக்கினான்.

அவன் கேட்டபோது, சொன்னவ என்று சொன்னீர்களாமே. அதை உங்கள் கடிதத்தில் வாசித்துவிட்டுத் தொழிற்சாலையின் பெண்கள் கழிவறைக்குள் போய் இருந்துவிட்டேன். சுப்பவைசர் கதவைத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் எழுத வெட்கம் வந்தது.

நீங்கள் பட்ட பகிடிக்கும் தோல்விக்கும் நான் என்ன தரலாம்? என்னிடம் ஒன்றுமில்லை. திருப்பி அனுப்புவதானால் மட்டும் இங்கே வேண்டாம். வேறெங்காவது அனுப்புங்கோ.

தவம்

*

மிச்சம்
04.12.1994

அன்புள்ள தவம்,

உன் கடிதத்தை வாசித்தேன். பாமாவுக்கும் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, கொத்தமல்லி அவிக்கப் போய்விட்டாள். தடிமல் மாறிப் பல நாளாகிறது.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். தெரிந்திருந்தால் முதலாவதாகக் கூப்பிட்டிருக்கமாட்டேன். நீ சொன்னபடிதான் செய்திருப்பேன், ஒரு சொல் தப்பாமல். என் கணக்கை நீ என்னை விட வடிவாகப் போட்டிருக்கிறாய். வியாபாரத்துக்கு வந்திருக்கவேண்டியவள் நீ.

இன்னும் எல்லாம் எனக்கு விளங்கிவிடவில்லை. தோற்றவனுக்கு ஏன் முதல் மரியாதை என்று சித்திரையில் கேட்டேன். குகன் மேல் அறையில் கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது ஏதோ விளங்குகிற மாதிரி இருக்கிறது. கடைக்கு இறங்கி வந்தால் திரும்பவும் குழப்பம்தான்.

றெஜினோல்ட்டிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பிள்ளையைக் குறித்த விஷயம், அவருக்குத் தெரியவேண்டும். முழுக்கக் கேட்டார். பிறகு, “அப்ப நீங்கள் விசரனில்லை அண்ணை, ஏமாந்தவன்தான்” என்றார். “எது நல்லது தம்பி?” என்று கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே கணக்குத்தான், தோத்த ஆட்டத்துக்குப் புள்ளி ஏறாது” என்று சிரித்தார். கன நாளைக்குப் பிறகு சேர்ந்து தேத்தண்ணி குடித்தோம்.

மார்வினின் தாயிடம் உன் செய்தியைச் சொன்னேன். கடைக்கு வந்திருந்தாள். “அவளும் ஒரு தாய்தானே. மகன் ரோலுக்கு ஏங்குகிறான், அதைப் பாருங்கள்” என்றாள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பென்ரோஸின் கம்பளக் கடைக்குப் போனேன். மூன்று தரம் போனேன். முதல் தரம் சிரித்தான், இரண்டாம் தரம் கோப்பி தந்தான், நேற்றுக் கை தந்தான்.

அவனோடு முடிந்த விலை இது. தை மாதம் மார்வின் திரும்பி வருகிறான். அதற்குப் பதிலாக அடுத்த இரண்டு வருஷத்தின் எங்கள் முதலாவது தெரிவு இரண்டும் சட்டனுக்கு. நைஜீரியாக்காரனும் சட்டனுக்கு, அவனிடம் போய் ஏன் என்பதை நான் முன்னரே சொல்லிவிட்டேன், மேசைக்கு முன்னால் வந்து நிற்க விடவில்லை. மண்டபத்தின் நீளச் சுவரில் இரண்டு வருஷத்துக்குப் பென்ரோஸின் கம்பள விளம்பரம். என் அரிசி கழிவறைப் பக்கத்துச் சுவருக்குப் போகிறது.

உன்னோடு முடிகிற விலை இனி. குகன் விசா முடியும் மட்டும் இங்கே இருப்பான், பிறகும் அவன் விருப்பம். செவ்வாயும் வியாழனும் முழங்காலுக்குப் பிசியோ, மற்ற நாள் கொலிஜ். சனிக்கிழமை எங்கள் சட்டையோடு பெஞ்சில் இருப்பான். கால் வந்தால் ஆடுவான், வராவிட்டால் அதே சட்டையோடு அதே இடத்தில் இருப்பான். கட்டில் பாமாவுடையது, அதைப் பற்றிப் பேச்சில்லை. வைகாசியில் நீயும் யோகலிங்கமும் வந்து பார்க்கவேண்டும். இனி நீ எழுதும் கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் முதலில், சுகம் விசாரிப்பது பிறகு.

கடைசி நிபந்தனை ஒன்று, குகனுக்காக, அதில் குறைக்க இடமில்லை. முழங்கால் விஷயத்தை நீ சித்திரை மாதமே எனக்கு எழுதிவிட்டாய். நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் அவனை முதலாவதாகக் கூப்பிட்டேன்.

அண்ணன்,
சபாரத்தினம்